இரண்டு ஆள் மெஷின்

அத்தியாயம் 14

போன வாரம் சாலாவை மலையாண்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இருபத்திரண்டு வருடமாக அவள் வீட்டுக்கு விறகு பிளந்த மனுஷன் வலது தோளில் கட்டுப்போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "இனிமே கோடாலி தூக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு ஆச்சி, என்னைய மன்னிச்சுக்கங்க" என்றான். சைக்கிளிலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்கிறவனிடம் என்ன பேசுவது? வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அது சனிக்கிழமை. இன்று திங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அமராவதிபுதூரில் இருக்கும் அந்த வீட்டில் கூரை ஒன்று, அடுப்பு இரண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இது அதிசயமே இல்லை. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், அதே வீட்டுக்குள் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி விறகு என்று கொடுத்து 'வேறு வைத்து'விடுவார்கள். சண்டை போட்டுப் பிரிப்பதல்ல, சண்டை வராமலிருக்கப் பிரிப்பது. மூத்தவர் அழகுவின் மனைவி சிகப்பி ஆச்சிக்குக் கிழக்கு அடுப்படி. இளையவர் ராமநாதனின் மனைவி சாலாவுக்கு மேற்கு அடுப்படி.

இப்போது அழகுவும் இல்லை, ராமநாதனும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், சிகப்பி ஆச்சியின் மகள் உமையாள் பெங்களூரில். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு இலை போட்ட வீட்டில் ஓரகத்திகள் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கொரு உழக்கு அரிசி பொங்கி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு ஐப்பசி மழையில் சாலாவின் விறகு முழுக்க நனைந்துபோனது. சிகப்பி ஆச்சி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. கிழக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து நாலு விறகை எடுத்து அடுப்பை மூட்டிக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் வெயில் வந்ததும் நாலுக்கு எட்டாகத் திருப்பி அடுக்கினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

இரண்டு தலைமுறை பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம் அது. எட்டு விறகையும் ஒவ்வொன்றாகப் பார்த்த சிகப்பி ஆச்சி, "கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சிருந்தேன். எனக்கே வட்டி கட்டுறியா?" என்று கேட்டார்.

"கேக்காம எடுத்தமேன்னுதான் ஆச்சி..."

"வேறு வைச்ச அன்னைக்கே நாம வேறதான். எனக்கு இன்னைக்குத்தான் உறைக்குது."

கதவைச் சாத்திக்கொண்டவர்தான். நாலு வருடத்துக்கு முன்னால் ராமநாதன் இறந்தபோது வந்தார், கூடவே உட்கார்ந்தார், முறை எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் சாலாவின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சாலாவுக்கு அன்றைக்குப் புருஷன் போன துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்துகொண்டது.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. புகை.

விடிந்ததும் சாலா தன் அடுப்பில் காப்பியைப் போட்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஜன்னலில் வந்து நிற்பாள். எதிரே கிழக்கு அடுப்படியின் புகைக்கூண்டிலிருந்து புகை கிளம்ப வேண்டும். கிளம்பினால் ஆச்சி எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் காப்பியை வாயில் வைப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

இன்றைக்குப் புகை வரவில்லை.

ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. காப்பியில் ஆடை படிந்தது. திங்கட்கிழமை என்றால் ஆச்சி கோவிலூர்க் கோயிலுக்குப் போவது உண்டு, இருட்டோடு கிளம்பியிருப்பாரோ என்று நடு முற்றமான வளவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. கதவைத் தட்டலாம். தட்டி, என்னவென்று கேட்டால் என்ன சொல்வது? அந்த நேரம் உள்ளே குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் ஏன் அடுப்பு எரியவில்லை? பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கிழக்குச் சுவரோரம் ஆச்சியின் விறகு அடுக்கு இருந்த இடத்தில் ஒரு சிராய்கூட இல்லை, தரையைக் கூட்டிவிட்டிருந்தது. பாவம், விறகு தீர்ந்துவிட்டது. மலையாண்டி படுத்துவிட்டான், ஆச்சி யாரைக் கூப்பிடுவார்?

தன் பக்கத்து அடுக்கைப் பார்த்தாள். பத்து நாளைக்கு வரும். குனிந்து ஒரு கட்டு எடுத்துக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் என்ன என்று கை நீண்டது. பழைய எட்டு விறகு ஞாபகம் வந்து கை தானாக மடங்கிக்கொண்டது.

பின்கட்டு முற்றத்து நடுவில் கிடந்தது வேம்பு. ஐப்பசிக் காற்றில் சாய்ந்த பொது மரம், இரண்டு அடுப்புக்கும் பாதிப்பாதி. ரம்பக்காரன் வந்து நாற்பத்தொரு முண்டுக் கட்டையாக அறுத்து உருட்டிவிட்டுப் போனான். மலையாண்டி பிளந்து ஆளுக்குப் பாதியாக அடுக்கவேண்டியது. ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. பொதுச் சொத்து என்பதால், பிளக்கச் சொல்லி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

சாலா உள்ளே போய் மஹாலட்சுமிக்குப் போன் போட்டாள். மலையாண்டியின் மகள் அவள், சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறாள்.

"காரைக்குடிக்குப் போகணும். விறகு பொளக்குற மெஷின் வாங்கணும்."

"நெசமாவா சொல்றீக?"

"நீ வண்டிய எடுத்துட்டு வா."

ஆட்டோவில் ஏறும்போது கோயம்புத்தூரிலிருந்து மகன் நாராயண் அழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"ஆத்தா, வீட்டுல கேஸ் இருக்கு. ரெண்டு சிலிண்டர் இருக்கு. இந்த வயசுல எதுக்கு விறகும் புகையும்?"

"வெந்நிக்கு வேணும்ப்பா."

"ஹீட்டர் வாங்கிப் போட்டனே."

"இருக்கட்டும்."

"இல்லைன்னா இங்க வந்துடுங்க. தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?"

தனியாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியானால் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பான். "வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. மஹாலட்சுமி கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கதிரவனின் மெஷின் கடை. தண்ணீர் மோட்டாரும் களை வெட்டும் கருவியுமாக நடக்க இடமில்லாமல் நிறைந்திருந்தது. கதிரவன் ஐம்பது வயதுக்காரர், நிதானமான ஆள். டீ வாங்கிவரச் சொல்லப் போனார். சாலா வேண்டாமென்று கையமர்த்தினாள்.

"என்ன கட்டை, ஆச்சி?"

"வேம்பு."

"குறுக்க எம்புட்டு இருக்கும்?"

சாலா கையை விரித்துக் காட்டினாள். "ரெண்டு சாண். அடிமரம் கூடவே இருக்கும்."

"காஞ்சதா?"

"அஞ்சு மாசமாக் கெடக்கு."

கதிரவன் யோசித்துக்கொண்டே அவளை உள்ளே அழைத்துப்போனார். முதலில் ஒரு மெஷின், மோட்டாரில் கூம்பு மாதிரி திருகாணி சுற்றுகிற வகை. வீடியோவில் பார்த்திருந்த சாலா அதைத்தான் முதலில் கை காட்டினாள்.

"அது உங்களுக்குக் கெடையாது," என்றார் கதிரவன்.

"ஏன்?"

"சேலை கட்டுனவகளுக்கு நான் அதை விக்கிறதில்ல. முந்தானை பட்டுச்சுன்னா சுத்தி இழுத்துரும். சுவிட்சைத் தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோகும்."

வியாபாரி தன் சரக்கையே வேண்டாம் என்கிறானே என்று சாலாவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அடுத்து கையால் அடிக்கும் ஜாக்கி வைத்தது. கரண்டு வேண்டாம், ரிப்பேர் கிடையாது. சாலா பிடியைப் பிடித்து இருபது தடவை அடித்துப் பார்த்தாள். கத்தி இரண்டு விரற்கடை நகர்ந்தது, அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நாப்பத்தோரு முண்டுக்கு நீங்க அடுத்த பங்குனி வரைக்கும் அடிக்கணும்," என்றாள் மஹாலட்சுமி.

மூன்றாவது, தரையோடு படுத்திருந்த சின்ன மெஷின். பச்சை வர்ணம், பின்னால் இரண்டு சக்கரம். கட்டையைப் படுக்கவைத்து, ஒரு கையால் சுவிட்சையும் மறு கையால் லீவரையும் அழுத்தினால் தள்ளிக்கொண்டுபோய்ப் பிளக்கும். இரண்டு கையும் மெஷின்மேலேயே இருந்தால்தான் ஓடும், அதனால் விரலுக்குப் பயமில்லை.

"ஒண்டியா இருக்குறவகளுக்குன்னே செஞ்சது ஆச்சி. வேற ஆளே வேண்டாம். நெறையப் பேரு இதைத்தான் வாங்கிட்டுப் போறாக."

ஒண்டியாக இருக்கிறவர்களுக்கு. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சாலாவுக்கு அந்தப் பச்சை மெஷினைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"வேம்பைப் பொளக்குமா?"

"கருவேலம் குச்சி, ஒரு சாண் கட்டை வரைக்கும் பொளக்கும். ரெண்டு சாண் வேம்புக்கு முக்கும். குனிஞ்சே வேலை செய்யணும், உங்க முழங்காலுக்கும் ஆகாது."

"அப்ப அது?"

மூலையில் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது நாலாவது. கீழே இரும்புத் தட்டு, மேலேயிருந்து இறங்கும் கனத்த கத்தி. கோயம்புத்தூரில் செய்தது, எட்டு டன் அழுத்தம், வீட்டுக் கரண்டே போதும். கட்டையைத் தூக்க வேண்டாம், உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

"ஆனா இதுக்கு ரெண்டு ஆளு வேணும்," என்றார் கதிரவன். "கட்டை நிறுத்த ஒராளு, அங்குட்டு லீவர் பிடிக்க ஒராளு. கட்டை பிடிச்சவக கையை எடுத்துட்டு, வாயத் தொறந்து 'எடுத்தாச்சு'ன்னு சொல்லணும். அப்பறந்தான் லீவரை இழுக்கணும். தலையாட்டுறது, சாடை காட்டுறது எல்லாம் ஆகாது. சொல்லணும். பேசாத ரெண்டு பேரு இதுல வேலை செஞ்சா வெரல் போயிரும்."

சாலா அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல எத்தனை பேரு இருக்கீக, ஆச்சி?"

நாலு வருடமாக ரேஷன் கடையிலும், கணக்கெடுக்க வருகிறவர்களிடமும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். ஒருத்தி. இன்றைக்கு அவளை அறியாமல் வாயில் வேறு பதில் வந்தது.

"ரெண்டு பேரு."

மஹாலட்சுமி தொண்டையைச் செருமினாள். "ஆச்சி, ஒரு நிமிசம் இங்குட்டு வாங்களேன்."

"போற வழியில சொல்லு," என்றுவிட்டு சாலா நாலாவது மெஷினைக் கை காட்டினாள். கதிரவன் ரசீதில் 'இரண்டு ஆள்' என்று குறித்துக்கொண்டார். நாலு மணிக்கு வண்டியில் வந்து இறங்கும் என்றார்.

ஊருக்குத் திரும்பும் பாதையில், வெயிலில் தார் மினுங்கும் ஒரு வளைவில், மஹாலட்சுமி ஆட்டோவை ஓரங்கட்டினாள்.

"பெரியாச்சி சொல்லவேண்டாம்னாக. எனக்கு மனசு கேக்கல."

"என்னது?"

"வியாழக்கிழமை உமையாள் அக்கா பெங்களூருல இருந்து கார் எடுத்துட்டு வாராக. பெரியாச்சியக் கூட்டிட்டுப் போறாக. பாத்துட்டுத் திரும்புறதுக்கு இல்ல, அங்கனயே இருக்குறதுக்கு. சாமான் கட்டக் கயிறு வாங்கியாரச் சொன்னாக, அதான் எனக்குத் தெரியும்."

காலியாகக் கிடந்த விறகடுக்கு, கூட்டிவிட்ட தரை. விறகு தீர்ந்துபோனதல்ல அது. தீரட்டும் என்று விட்டிருக்கிறார். இனி அந்தப் புகைக்கூண்டில் புகையே வராது. காலையில் ஜன்னலில் நின்று யாரைப் பார்ப்பது? அத்தனை பெரிய வீட்டில் இருமினாலும் தும்மினாலும் சுவர்தான் கேட்கும். அழுகை வந்தது, மஹாலட்சுமி முன்னால் அழக் கூச்சமாக இருந்தது.

"திருப்பவா ஆச்சி? இன்னும் ஏத்தியிருக்க மாட்டாக. அந்தப் பச்சை மெஷினா மாத்திக்கிருவோம். ஒராளுக்கு அது போதும்ல."

சாலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். வீட்டுக்குப் போ."

நாலரைக்கு மெஷின் வந்தது. கடையின் மெக்கானிக் முத்துக்கண்ணன், கூட வந்தவர்களோடு சேர்ந்து அதைப் பின்கட்டில், வேம்பு முண்டுகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தான். கூட வந்தவர்கள் வண்டிக்குப் போனார்கள். அவன் ஒயரை இழுத்து பிளக்கில் மாட்டினான், எண்ணெய் பார்த்தான், மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு ஆளு எங்க ஆச்சி?"

"எனக்குச் சொல்லிக்குடு, போதும்."

"முடியாது ஆச்சி. ரெண்டு பேருக்கும் காட்டிக்குடுத்துட்டுத்தான் போகணும்னு மொதலாளி சொல்லியிருக்காரு. ரசீதுல ரெண்டு ஆளுன்னு போட்டிருக்கே. கூப்பிடுங்க, நான் நிக்கிறேன்."

கிழக்கு அடுப்படியின் கதவு ஒரு கோடு திறந்திருந்தது. சாலா அதைப் பார்த்தாள், முத்துக்கண்ணனைப் பார்த்தாள். அவன் மணி பார்த்தான்.

"ஆச்சி," என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தமாக.

"ஆச்சி. ஒரு கை கொறையுது."

கதவு திறந்தது. சிகப்பி ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். அறுபத்தேழு வயதுக்கு நிமிர்ந்த நடை. மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாரைக் கேட்டு வாங்குன?"

"யாரையும் கேக்கல."

"மரம் பொதுல்ல?"

"அதனாலதான் ரெண்டு ஆளு மெஷினா வாங்குனேன்."

முத்துக்கண்ணன் இடையில் புகுந்து பாடம் நடத்த ஆரம்பித்தான். சாலா கட்டை நிறுத்த வேண்டும், பெரிய ஆச்சி லீவர். கையை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இழுக்க வேண்டும். சாலா ஒரு முண்டை உருட்டி வந்து தட்டில் நிறுத்தி, கையை எடுத்துப் பின்னால் நகர்ந்தாள்.

"எடுத்தாச்சு."

சிகப்பி ஆச்சி லீவரை இழுத்தார். கத்தி மெதுவாக இறங்கி, முண்டு வாய் திறந்து, சடசடவென்று இரண்டாக விழுந்தது. வேம்பின் கசந்த வாசனை முற்றமெல்லாம் பரவியது. இன்னும் இரண்டு முண்டு பார்த்துவிட்டு முத்துக்கண்ணன் திருப்தியாக விடைபெற்றுக்கொண்டான்.

அவன் போன பிறகும் சிகப்பி ஆச்சி உள்ளே போகவில்லை.

"மஹாலட்சுமி சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"தெரிஞ்சப்பறமுமா இதை எறக்குன?"

சாலா நாலாவது முண்டை உருட்டினாள். எடுத்தாச்சு என்றாள். பிளந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். தன் கையிலிருந்ததைச் சாலா கிழக்குச் சுவரோரம் கொண்டுபோனாள்.

"அங்க எதுக்குப் போடுற? எனக்கு இனி எதுக்கு? எல்லாத்தையும் நீயே எரிச்சுக்க."

"உங்க பாதி இங்கதான் இருக்கும். நான் தொட மாட்டேன்."

"நாந்தான் சொல்றேனே."

"நாலு எடுத்ததுக்கே ஒம்பது வருசம், ஆச்சி. இனி எனக்கு வயசு இல்ல."

சிகப்பி ஆச்சியின் உதடு கொஞ்சம் நெளிந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சாலாவுக்குத் தெரியவில்லை.

"காலையில உங்க அடுப்பு எரியல," என்றாள் சாலா. சொல்ல நினைக்காததெல்லாம் தானாக வந்தது. "தெனமும் உங்க புகையப் பாத்துட்டுத்தான் நான் காப்பி குடிக்கிறது. அது வரலைன்னா எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"உமையாள் கரண்டு அடுப்பு அனுப்பியிருக்கா. பழகிக்கங்கன்னா. இன்னைக்கு அதுலதான் போட்டேன்." ஆச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்ப இன்னைக்குக் காப்பி குடிக்கலையா நீ?"

"இல்ல."

"மணி அஞ்சாச்சேடி."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த 'டி'. சாலா சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தை ஆச்சி பார்க்கவேண்டாம். முற்றத்தில் இன்னும் முப்பத்தேழு முண்டு கிடந்தது. இன்று திங்கள். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் நடுவில்.

ஐந்தாவது முண்டு அடிமரம், கனம். தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டுவந்து தட்டில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிகப்பி ஆச்சி லீவரைப் பற்றினார்.

அந்த நேரம் கிழக்கு அடுப்படிக்குள் போன் அடித்தது.

"உமையாள்தான்," என்றார் ஆச்சி. "எத்தனை மணிக்குக் கெளம்புறதுன்னு முடிவு சொல்லச் சொல்லியிருந்தா. கையை எடு சாலா, இதைப் பொளந்துட்டுப் போய்ப் பேசுறேன்."

சாலா கையை எடுக்கவில்லை.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

"சாலா. கையை எடுத்தாச்சா?"

"இல்ல ஆச்சி," என்றாள் சாலா, கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "இன்னும் சரியா நிக்கல."

கட்டை ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சிகப்பி ஆச்சி அதைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். உள்ளே போன் விடாமல் அடித்தது. லீவரை விடாமல் அவரும் அங்கேயே நின்றார்.